அப்பா மட்டும் திறந்த பெட்டி

1

"பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பீட்சாவே" என்று என் மகன் ஜோயல் ஜெபத்தைத் தொடங்கினான். அவனுக்கு ஆறு வயது. கேலிக்காகச் சொல்லவில்லை. கண்ணை இறுக மூடி, கையைக் குவித்து, பக்தியோடுதான் சொன்னான். பிதா என்ற சொல் அவன் காதில் வாரத்துக்கு ஒருமுறை விழுகிறது. பீட்சாவை இந்த நேப்பிள்ஸ் நகரத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கிறான். அவனுடைய அக்கா சாரா சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். என் கணவர் ஜோசப்பும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

காலையில் ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறேன். மாலையில் இரண்டு அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறேன். ஜோசப்புக்கு உணவகத்துச் சமையலறையில் வேலை. நாங்கள் நான்கு பேரும் விழித்திருக்கும்போது ஒரே அறையில் சேர்ந்திருப்பது சனிக்கிழமை மத்தியானம் மட்டுந்தான். அதில் கால்மணி நேரத்தைக் குடும்ப ஜெபத்துக்கு ஒதுக்கியிருந்தோம். பிள்ளைகளுக்கு அது தண்டனை. வேதப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் சாராவுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

அன்று அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அவன் சரியாத்தானே சொல்லியிருக்கான் பாப்பா. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுட்டான். போனைப் பிள்ளைங்ககிட்ட குடு."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. இதை எழுதுவதால் இலங்கையில் தெரணியகலைப் பக்கத்தில் என் அப்பாவை அறிந்தவர்கள் சிலர் என்மேல் கோபப்படலாம். கோபப்படட்டும். பதினேழு வருடம் தவறான ஆள்மேல் நான் கோபமாக இருந்தேன். அதைவிட இது ஒன்றும் பெரிதில்லை.

2

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். மழைக்காலத்தில் மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. அதன்பின் அவரால் சரிவில் ஏற முடியவில்லை. தோட்டத்து வேலை போய், எங்கள் சின்னக் கோயிலில் உபதேசியார் ஆனார். ஞாயிற்றுக்கிழமை போதகர் வராத வாரங்களில் அவர்தான் பிரசங்கம் செய்வார். வீட்டில் பால் வெட்டப் போனது அம்மா. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா அம்மாவின் பேரில்தான் இருந்தது.

மற்ற வீடுகளில் குடும்ப ஜெபம் என்றால் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. ஒருநாள் அப்பா வேதத்தில் வரும் ஒரு ஆளைப்போல நடந்து காட்டுவார், நாங்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மீன் வயிற்றுக்குள் போன யோனாவைக் காட்டுவதற்காகச் சாக்குக்குள் புகுந்து வெளியே வர முடியாமல் தவித்தார் ஒருமுறை. பாட்டுக்குத் தகர வாளிதான் மேளம். பக்கத்துக் காம்பராவில் முருகன் படம் வைத்துக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகளும் விளக்கு வைத்ததும் எங்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சனிக்கிழமைதான் எல்லோரும் எதிர்பார்க்கிற நாள். அன்று ஜெபப்பெட்டி. பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் அப்பா ஒரு வெட்டு வைத்திருந்தார். மனதில் உள்ளதைச் சீட்டில் எழுதி, பேர் போடாமல் உள்ளே போடலாம். அப்பா மட்டும் பெட்டியைத் திறப்பார். ஒவ்வொரு சீட்டையும் தனக்குள் வாசித்துவிட்டு, "ஒருத்தருக்கு ஒரு பயம் இருக்கு ஆண்டவரே" என்று பொதுவாக ஜெபிப்பார். பிறகு சீட்டை விளக்கில் காட்டிக் கொளுத்திவிடுவார்.

"இதுல எழுதினது உனக்கும் சாமிக்கும் நடுவுல. நான் தபால்காரன் மாதிரி. தபால்காரன் யாரு என்னா எழுதினான்னு கேக்க மாட்டான்" என்பார்.

அதை நான் முழுசாக நம்பினேன். நான் வயதுக்கு வந்தபோது பட்ட பயத்தைக்கூட அந்தப் பெட்டியில்தான் முதலில் சொன்னேன்.

3

தொண்ணூற்றொன்றில் அம்மா காய்ச்சலில் படுத்து, அவிசாவளை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எனக்குப் பதினெட்டு வயது. தம்பி தானியேலுக்குப் பதினொன்று. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தேன். அடுத்த வருடம் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவிடம் சொல்லாமலே விண்ணப்பம் அனுப்பினேன். கேகாலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை? கிடைத்தபிறகு சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று ஒரு ஆசை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயமும் இருந்தது. தம்பியிடம் மட்டும் சொன்னேன். அன்றைக்கு அப்பாவுக்குச் சோறாக்கிக் கொடுக்க ஆள் வேண்டுமே.

"வேல கெடச்சா நீ போயிருவியாக்கா?" என்று கேட்டான்.

"எங்க போவேன்? பக்கத்துத் தோட்டமா இருந்தா சனி ஞாயிறு வருவேன்."

அவன் அழுதான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அம்மாமேல் சத்தியம் செய்தான்.

வியாழக்கிழமை விடியற்காலையில் எழுந்து, துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்த உறையை எடுக்கப் போனேன். காணவில்லை. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, நேர்முகக் கடிதம் மூன்றும் அதற்குள்தான் இருந்தன. காம்பராவைத் தலைகீழாக்கினேன். அப்பாவும் எழுந்து, நொண்டிக்கொண்டே, என்னோடு சேர்ந்து தேடினார். கட்டிலைத் தூக்கினார். அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறிப் பார்த்தார். முதல் பஸ் கீழே ரோட்டில் ஹோர்ன் அடித்துப் போவது கேட்டது. அடுத்த பஸ்ஸும் போனது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வந்தார்.

"தம்பியோட பழைய பள்ளிக்கூடக் கொப்பிங்களுக்கு நடுவுல இருந்துச்சும்மா" என்றார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன.

உறை வைத்த இடம் எனக்கும் தானியேலுக்கும்தான் தெரியும். நான் போவதை விரும்பாதவனும் அவன்தான். ஓங்கி அறைந்தேன். "நான் எடுக்கலக்கா, நான் யார்கிட்டயும் சொல்லலக்கா" என்று அவன் கதறக் கதற மறுபடியும் அறைந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். "விடும்மா, தாயில்லாப் பிள்ள. அக்காவும் போயிட்டா என்னா செய்யிறதுன்னு பயந்துட்டான்" என்றார்.

அன்றைய குடும்ப ஜெபத்தில் தம்பியை நடுவில் முழங்காலில் நிற்க வைத்தார். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அக்காகிட்ட மன்னிப்புக் கேளுப்பா, சாமி சந்தோஷப்படுவாரு" என்று மெதுவாகத்தான் சொன்னார். தானியேல் அவரை நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருக்கா" என்றான்.

நான் மன்னிக்கவில்லை. அடுத்த மாதம் தோட்டத்தில் என் பேரைப் பதிந்தார்கள். அம்மா பால் வெட்டிய மரங்களிலேயே ஆறு வருடம் பால் வெட்டினேன். அதன்பின் வீட்டு வேலைக்கு சைப்ரஸ் போய், அங்கே ஜோசப்பைக் கல்யாணம் கட்டி, இங்கே வந்து சேர்ந்தேன். தம்பியோடு பேச்சு, பண்டிகைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

4

சனிக்கிழமை மூன்று மணிக்கு இங்கே போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைப்போம். அங்கே அப்போது இருட்டியிருக்கும். அப்பா கேள்வி போடுவார். "மரத்துல ஏறின குள்ளன் யாரு?" என்பார். பிள்ளைகள் முந்திக்கொண்டு கத்துவார்கள். ஜோயலுக்குச் சில பேர்கள் இத்தாலிய மொழியில்தான் வரும். அப்பா அதைத் தானும் சொல்லிப் பார்த்து, நாக்கு உளறி, வேண்டுமென்றே இன்னும் உளறுவார். சாராவின் சனிக்கிழமை வயிற்றுவலி நின்றுபோனது. பிதாவும் பீட்சாவும் பிரிந்தார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் அலுவலக வரிசையில் நிற்கும்போதுகூட இதையே மற்ற அம்மாமாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வரிசை ஒரு தனிக் கதை. என் பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் வேறு எழுத்து. ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்பார். சாராதான் எனக்காகப் பேசுவாள். மேசை உயரம்கூட இல்லாத காலத்திலிருந்து அவள் பேசுகிறாள். இலங்கைத் தமிழர் என்றதும் வரிசையில் நிற்கிற சிலர் யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று கேட்பார்கள். தெரணியகலை என்றால் அது எங்கே என்பார்கள். சிங்களம் இவ்வளவு நன்றாகப் பேசுகிறேனே என்று சந்தேகமாகவும் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறை அந்தச் சான்றிதழை நீட்டும்போதும், அது இரண்டு வாரம் காணாமல் போனதை நினைத்துக்கொள்வேன். தம்பியை நினைத்து மனம் கசக்கும்.

ஒரு நாள் அப்பா சொன்னார்: "இப்ப பிள்ளைங்களுக்குப் பழகிருச்சு. நம்ம பெட்டியையும் வை பாப்பா. அப்பத்தான் மனசுல உள்ளத சொல்லுவாங்க."

பாஸ்தா வந்த அட்டைப் பெட்டியில் வெட்டு வைத்தேன். சாரா அதற்கு நீலத் தாள் ஒட்டினாள். அப்பா சொன்ன அதே விதியை நானும் சொன்னேன். யார் எழுதியது என்று கேட்க மாட்டேன், என்ன எழுதினாலும் கேட்க மாட்டேன்.

5

மூன்றாவது சனிக்கிழமை பெட்டியில் ஒரு சீட்டு இத்தாலிய மொழியில் இருந்தது. நான் அதை வாசிக்கமாட்டேன் என்று நினைத்துத்தான் சாரா அப்படி எழுதியிருக்கிறாள். பேசும்போது தடுமாறுவேன், உண்மைதான். ஆனால் ஏழெட்டு வருடமாக மூதாட்டியின் மருந்துத் தாள்களை எழுத்துக்கூட்டி வாசித்து வருகிறேன்.

"ஆண்டவரே, பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு அம்மா வரக் கூடாது. அம்மா பேசினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்ட கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிறேன்."

போனில் அப்பாவும் காத்துக்கொண்டிருந்தார். நான் குரலை மாற்றாமல், "ஒருத்தருக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு காரியம் இருக்கு ஆண்டவரே" என்று ஜெபித்தேன். சாரா நல்ல பிள்ளையாக ஆமென் சொன்னாள். எனக்காக அலுவலகங்களில் பேசிய பிள்ளை, என்னைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டேதான் பேசினாளா?

மறுநாள் அவள் இல்லாத நேரம் அவளுடைய புத்தகப்பையைத் திறந்தேன். கடிதம் ஒரு கொப்பியின் அட்டைக்குள் சொருகியிருந்தது. அதை எடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கூட்டத்தன்று, நல்ல சேலை கட்டி, போய் முன்வரிசையில் உட்காரப் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலந்தான் தானியேல் போன் செய்தான். அவன் இப்போது தெரணியகலை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறான். குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்திருப்பதைச் சொல்ல எடுத்திருந்தான். வேறொரு நாளாக இருந்தால் வாழ்த்துச் சொல்லி வைத்திருப்பேன். அன்றைக்கு மனது தாங்கவில்லை. பெட்டி, சீட்டு, சாரா எல்லாவற்றையும் சொன்னேன்.





"அந்தப் பெட்டிய வைக்காதக்கா" என்றான்.

"ஏன்?"

"நான் உன்னோட விஷயத்த யார்கிட்டயும் சொல்லல. அம்மாமேல சத்தியம் பண்ணேன்ல. சாமிக்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"எப்படிச் சொன்ன?"

"சீட்டுல. 'வியாழக்கிழமை அக்கா கேகாலைக்கு இன்டர்வியூ போறாங்க, துணிப்பெட்டிக்கு அடியில சர்டிபிகேட் இருக்கு, அது நனையாம இருக்கணும்'னு எழுதினேன். அந்த மூலையில அப்ப கூரை ஒழுகும்ல."

அந்தப் பெட்டியைத் திறந்த கை ஒன்றுதான்.

அவனுக்கும் அன்று உறுதியாகத் தெரியவில்லையாம். சந்தேகம் மட்டும் இருந்ததாம். கொஞ்ச நாள் கழித்து, 'தண்ணித் தொட்டிக்குப் பின்னால சிகரெட் ஒளிச்சு வச்சிருக்கேன், சாமி மன்னிக்கணும்' என்று பொய்யாக ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கிறான். மறுநாள் காலை அப்பா தொட்டிக்குப் பின்னால் குனிந்து தேடுவதை லயத்துக் கோடியில் நின்று பார்த்தானாம். அதன்பின் வெற்றுச் சீட்டுத்தான் போட்டானாம்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ அடிச்ச. பேசாமப் போயிட்ட. அம்மாவும் இல்ல. உனக்குன்னு நம்பிக்கையா இருந்தது அப்பா ஒருத்தருதான். அதையும் நான் எடுத்துட்டா நீ என்னாத்தப் பிடிச்சிக்கிட்டு இருப்பேன்னு நெனச்சேன்."

பன்னிரண்டு வயதில் அவன் அப்படி நினைத்திருக்கிறான்.

6

பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து அப்பாவுக்கு போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தானியேல் சொல்லிட்டானா?" என்றார்.

"நீங்க சொல்லுங்கப்பா."

"அம்மா செத்ததும் காம்பராவ விட்டுக் குடுக்கச் சொல்லிட்டாங்க பாப்பா. வீட்டுல ஒரு பேரு வேலைக்குப் பதிஞ்சாத்தான் இருக்கலாம்னாரு தோட்டத்துத் தொரை. என்னால மலை ஏற முடியாது. தம்பி சின்னவன். நீயும் போயிட்டா நாங்க ரெண்டு பேரும் ரோட்டுலதான்."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தா நானே பேரு பதிஞ்சிருப்பேனே."

"பதிஞ்சிருப்பியா?"

பதினெட்டுப் பத்தொன்பது வயதில் நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று இப்போது யாருக்குத் தெரியும்? தேர்ந்தெடுக்க அவர் விடவில்லை. அதுதான் தெரியும்.

"சரி, காம்பராவுக்காக எடுத்தீங்க. அத விடுங்க. தம்பி கொப்பிக்குள்ள ஏன் வச்சீங்க?"

"வைக்கல. அங்க இருந்துச்சின்னு சொன்னேன்."

"முழங்கால்ல நிக்க வச்சீங்களே. சாமி பேரச் சொல்லி மன்னிப்புக் கேக்க வச்சீங்களே. பதினேழு வருஷம் அவன நான் பாவின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க?"

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. வயதான மூச்சு.

"நீ அவன்கூடப் பேசாம இருந்தா அவன் தாங்கிக்குவான்" என்றார். "என்கூடப் பேசாமப் போயிருந்தா, நான் எப்படிம்மா தாங்குவேன்?"

அவர் அதை அன்பு என்று நினைத்துத்தான் சொன்னார். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார். நான் போனை வைத்துவிட்டேன். அவர் சாக்குக்குள் புகுந்து தவித்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பும், தகர வாளி மேளமும், எங்களை உருக்கிய எல்லா ஜெபங்களும் நினைவுக்கு வந்தன. எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டால் எளிதாக இருக்கும். ஆனால் அவர் உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தார், எங்களையும் சந்தோஷமாக வைத்திருந்தார். அதனால்தான் நாங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். சுவரில் சாய்ந்து தூங்குகிற பிள்ளையிடம் யாராலும் எதையும் திருட முடியாது.

7

சாரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். "உன் சீட்ட வாசிச்சேன். உன் பையைத் திறந்தேன். செய்ய மாட்டேன்னு சொல்லிட்டுச் செஞ்சேன்" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. அழுகை இத்தாலிய மொழியில் வந்தது, பிறகு உடைந்த தமிழில் வந்தது. "நீங்க சொன்னீங்க, நீங்க கேக்காது சொன்னீங்க" என்று கத்தினாள். கூட்டத்துக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் போகவில்லை. ஜோசப் போனார். அவருடைய இத்தாலியன் என்னுடையதைவிட மோசம், அதற்கும் யாராவது சிரித்திருப்பார்கள். பெட்டியைச் சாராவே குப்பைத் தொட்டியில் போட்டாள். மூன்று வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பேசாமையை நான் கேள்வி கேட்கவில்லை.

அப்பா சனிக்கிழமைகளில் போன் போட்டுக்கொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை. ஜோயல் மேசைக்குக் கீழே உட்கார்ந்து, "தாத்தா ஏன் வரல? நான் கேள்வி ரெடி பண்ணேன்" என்று தினமும் கேட்டான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு, அறையை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றேன். பேசட்டும். தாத்தாவோடு பேசலாம், சிரிக்கலாம். ஜெபம் மட்டும் அந்தக் குரலில் இனி எங்கள் வீட்டில் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, வேதப் புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால், தானியேலுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். சாராவும் ஜோயலும் ஜோசப்பும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னாக்கா, ஜெபமா? எனக்கு அது வராது. நான் கோயில் பக்கம் போயே வருஷமாச்சு. பிள்ளையோட ஞானஸ்நானம்கூட அவங்க அம்மா ஆசைக்குத்தான்."

"ஜெபம் பண்ண வேணாம். கேட்டுக்கிட்டு இரு" என்றேன். பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொன்னேன், அவர்களுக்கு விளங்குகிற சொற்களில். மாமா எடுக்காததை எடுத்தார் என்று நான் அடித்தேன், எல்லோர் முன்னாலும் மாமா மன்னிப்புக் கேட்டார் என்று சொன்னேன். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, ஓடு பதித்த தரையில் முழங்காலிட்டேன். அவனால் பார்க்க முடியாது. பிள்ளைகள் பார்த்தார்கள்.

"தானியேல், மன்னிச்சிருடா" என்றேன்.

த்ரீவீல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. அவன் அதை அணைத்தான்.

"உன்ன எப்பவோ மன்னிச்சிட்டேன்க்கா" என்றான். "அவர இன்னும் முடியல. சோறு கொண்டுபோய்க் குடுக்கிறேன், மருந்து வாங்கிக் குடுக்கிறேன். மன்னிக்க மட்டும் முடியல. அத உன் பிள்ளைங்க முன்னாடி சொல்லலாமா?"

"சொல்லு" என்றேன்.

சாரா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மாமா, நானும் இன்னும் அம்மாவ மன்னிக்கல" என்றாள்.

"அவசரமில்லம்மா" என்றான் தானியேல்.